முப்பத்திரண்டாம் வீட்டில் தங்கிய வலி

கருக்குவிளையில் லிங்கதுரையின் மனைவி சந்தனக்கனிக்கு இரண்டாவது பிரசவத்தின் வலி எடுத்த திங்கட்கிழமை காலையில், அந்த வலி சந்தனக்கனியிடம் போகவில்லை. தெருமுனையில் வடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த டீக்கடை அருள்ராஜிடம் போயிற்று. அருள்ராஜ் கத்தியைக் கீழே போட்டார், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தார், பாய்லரை மூன்று முறை சுற்றி வந்தார், கடைசியில் பொறுக்கமாட்டாமல் "யம்மா" என்று ஒரு சத்தம் போட்டார். போட்ட மாத்திரத்தில் வலி அவரை விட்டது. கால்மணி நேரம் கழித்து அது அடுத்த வீட்டில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த செல்வமேரியைப் பிடித்தது. செல்வமேரி நாலு பெற்றவள், அவளை ஏமாற்ற முடியாது. "இது வாய்வு இல்ல, இது பிள்ளைவலில்லா" என்றாள். "ஊர்ல இப்ப யாருக்கு மாசம்?"

ஊரில் அப்போது நிறைமாதமாக இருந்தது ஒருத்திதான். ஆகவே எல்லாரும் இருபத்தேழாம் நம்பர் வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே சந்தனக்கனி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் செய்யலயே, ஏன் எல்லாரும் வாறிய?" என்று கேட்டாள்.

கிராம சுகாதார நர்ஸ் எஸ்தர் பாக்கியத்துக்குச் செய்தி போனபோது அவள் பக்கத்து ஊரில், பிறந்து நாலு நாளான ஒரு குழந்தையின் தொப்புளில் விபூதி வைத்ததற்காக அந்த வீட்டுக்காரர்களை ஏசிக்கொண்டிருந்தாள். எஸ்தருக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷமாகச் செம்மணல் தேரிக்காட்டின் ஆறு ஊர்களுக்கு அவள்தான் எல்லாம். மாசமானவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, விழுங்கினார்களா என்று வாயைத் திறந்து பார்க்கிறவள். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வருகிறவர்களை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிறவள். அவளுக்குப் பயப்படாத ஆம்பிளை அந்த ஆறு ஊரிலும் கிடையாது. அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், அது சந்தனக்கனியின் பிரசவம்.

நாலு வருஷத்துக்கு முன்னால், மூத்தவள் பிறந்தபோது, பிள்ளை நல்லபடியாகத்தான் வந்தது. அதன் பிறகு கர்ப்பப்பை சுருங்கவில்லை. உதிரம் நிற்காமல் போயிற்று. தாலுகா ஆஸ்பத்திரிக்கு இருபத்தேழு கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் எஸ்தர் ஆம்புலன்ஸில் மண்டிபோட்டு, சந்தனக்கனியின் அடிவயிற்றை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடியே போனாள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். இந்தத் தடவை வலி தொடங்கின உடனே, ரத்தம் இருக்கிற ஆஸ்பத்திரியில் சந்தனக்கனி படுத்திருக்க வேண்டும் என்று எஸ்தர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது வலி தொடங்கிவிட்டது. ஆனால் அது வேறு வேறு வீடுகளில் தொடங்கியிருந்தது.

அன்று மத்தியானமே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரி, நல்ல பிள்ளைதான். அன்றைக்கு அவள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். சந்தனக்கனியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சாக இருந்தது. "வலி இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல டாக்டர்" என்றாள் சந்தனக்கனி, பொய் சொல்லத் தெரியாதவள்.

"வலி இருக்கு டாக்டர்" என்றாள் எஸ்தர். "ஆனா..."

"ஆனா?"

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவள் எழுதின எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. டேட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, வலி வந்ததும் கூட்டிவாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டாள். திரும்பி வருகிற வழியில் ஆட்டோக்காரரின் போனில் சேதி வந்தது, வலி நாலாம் வீட்டைத் தாண்டிவிட்டதாம்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் பழகிவிட்டது. கருக்குவிளைக்காரர்களுக்கு எதுவும் அரை நாளில் பழகிவிடும். ஒரே தெரு, ஐம்பத்தெட்டு வீடு. டீக்கடையில் தொடங்கி வடக்கு வரிசையில் மேற்கே போய், மணல்மேட்டில் திரும்பி, தெற்கு வரிசையில் கிழக்கே வரும். வலியும் அந்த வரிசை பிசகாமல் வந்தது. வீட்டுக்கு ஒருத்தரைப் பிடித்தது. சின்னப்பிள்ளைகளை அது தொடவில்லை. பிடிபட்டவர் வாய்விட்டுக் கத்தினால் அவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. கத்தாதவரிடம் அடுத்த முறையும் வந்தது. வலியோடு வயிறும் கல்லாக இறுகி, வலி விடும்போது இளகியது. இவ்வளவையும் ஊர் ஒரே பகலில் கண்டுபிடித்து, கோயில் முன்னால் கூடி, யாரும் வீம்புக்கு அடக்கிவைத்துக்கொள்ளக் கூடாது, வந்தால் கத்திவிட வேண்டும், மணி பார்த்து நர்சம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எஸ்தர் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு டீக்கடைச் சுவரில் ஒட்டினாள். மணி, வீட்டு நம்பர், எத்தனை நொடி. வேறு ஊரில் கர்ப்பிணியின் வயிற்றில் கைவைத்து எழுத வேண்டிய கணக்கை அவள் கருக்குவிளையில் தெருவில் நடந்து எழுதினாள்.

ஊர் அதைக் கொண்டாடவும் செய்தது, சொல்லாமல் விடக்கூடாது. புளிமூட்டையை ஒற்றையாகத் தூக்குகிற மாசானமுத்து, முப்பது நொடிக்குத் தரையில் உருண்டு கிடந்ததை அவர் மனைவி பக்கத்தில் நின்று பார்த்து, "மூணு தடவ இத பாத்தேன் நான், நீரு அப்ப வெளிய நின்னு பீடி குடிச்சிட்டுல்லா இருந்தீரு" என்றாள். இருபத்திரண்டாம் வீட்டு வாத்தியார் தன் முறை வருகிறதென்று பயந்து பஸ் ஏறித் தப்பித்தார்; பாதி வழியில், பஸ்ஸில் நின்றுகொண்டு போனபோது, வலி அவரைத் தேடி வந்து பிடித்தது. கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். பதினாலாம் வீட்டுத் தங்கபுஷ்பத்துக்குப் பிள்ளை கிடையாது, வயது நாற்பத்தைந்து. அவள் செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து தலைக்குக் குளித்து, வாசலில் உட்கார்ந்து காத்திருந்தாள். வலி வந்ததும் அவள் கத்தவில்லை. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டு அதன் பிறகுதான் குரல் கொடுத்தாள். எஸ்தர் அவளை ஏசப் போனவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மணியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தாள்.

சந்தனக்கனிக்குத்தான் இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. "யக்கா, தெருவெல்லாம் எம்பிள்ள வாறது தெரியுது, எனக்குத் தெரியலயே" என்று எஸ்தரிடம் சொன்னாள். "எதுக்கு என்னய விட்டுட்டுப் போச்சு? போன தடவ நான் ரொம்பக் கத்துனேன்னா?" எஸ்தர் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பது. நல்ல துடிப்பு. வலி இல்லாமல் பிள்ளை பெற எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டாள். அது ஆறுதல் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

திங்கட்கிழமை ஒன்பது வலி. செவ்வாய்க்கிழமை இருபது, சந்தனக்கனியின் இருபத்தேழாம் வீட்டை மட்டும் தொடாமல் தாண்டிப் போயிற்று. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முப்பதாம் வீடு, ஏழு நாற்பதுக்கு முப்பத்தொன்றாம் வீட்டில் ரேஷன்கடை பொன்னுச்சாமி. அத்தோடு சரி. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, தெருவில் எந்த வீட்டிலிருந்தும் சத்தம் இல்லை. அருள்ராஜ் பாய்லரைப் பற்றவைத்தார். பொய்வலி, வந்தது போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். எஸ்தரும் அப்படியே நினைத்தாள். இரண்டு நாளாக உட்காராத கால், நம்பு நம்பு என்றது, நம்பினாள். அவள் தப்பு இதுதான். இன்னொருத்தர் நாலு வரி எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்கிறவள், தன் தாளில் மூன்று மணி நேரம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து சந்தோஷப்பட்டாள்.

பத்தே முக்காலுக்குச் சந்தனக்கனி, "யக்கா, கீழ நனஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். எஸ்தர் கையுறை மாட்டிப் பார்த்தாள். பனிக்குடம் உடைந்திருந்தது. கர்ப்பப்பையின் வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது. எட்டு திறக்க வேண்டுமானால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு வலி வீதம் காலையிலிருந்து வந்திருக்க வேண்டும். வந்திருக்கிறது. எங்கேயோ யாரோ வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள்.

லிங்கதுரையை 108-க்குப் போன் போடச் சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கி டீக்கடைக்கு ஓடினாள். தாளைப் பார்த்தாள். கடைசி வரி முப்பத்தொன்று. அடுத்தது முப்பத்திரண்டு. அந்த நம்பரைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி ஓடினாள்.

முப்பத்திரண்டாம் வீடு லிங்கதுரையின் வீட்டுக்கு நேர் எதிர் வீடு, அவன் கூடப்பிறந்த அண்ணன் தவசிமுத்துவின் வீடு. அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷமாயிற்று. அவர்கள் அப்பா செத்தபோது தவசிமுத்து பம்பாயில் கடை வைத்திருந்தார். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியது மூத்த மகன். ரயிலேறிவிட்டேன், வருகிறேன், எடுத்துவிடாதீர்கள் என்று வழியெல்லாம் போன் போட்டார். ரயில் லேட். வெயில் காலம், உடம்பு தாங்காது என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு லிங்கதுரை கொள்ளி வைத்துவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்துத் தவசிமுத்து வந்து இறங்கினார், சுடுகாட்டுக்கு நேராகப் போனார், எரிகிறதைப் பார்த்தார், திரும்பிவந்து எதிர்வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளும் பம்பாயிலேயே இருக்க, அவர் மட்டும் அந்த வீட்டில் ஒற்றையாகக் கிடந்தார். தம்பி முகத்தைத் தினமும் பார்க்கிற தூரத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் இருப்பதற்காகவே பம்பாயை விட்டு வந்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எஸ்தர் தட்டவில்லை, தோளால் இடித்தாள். பழைய தாழ்ப்பாள், இரண்டாவது இடியில் விட்டது.

தவசிமுத்து கயிற்றுக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி தரையில் குத்தவைத்திருந்தார். வாயில் துண்டு. துண்டில் ரத்தம், நாக்கைக் கடித்திருக்கிறார். சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார், அறுபது வயசு உடம்பில் வேர்வை வழிந்து தரை நனைந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல. செரிமானக் கோளாறு" என்றார் துண்டை எடுத்துவிட்டு. "போங்க நர்சம்மா."

எஸ்தர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வயிற்றில் கையை வைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் கைக்குத் தெரிந்த இறுக்கம், மூன்று நாளாகச் சந்தனக்கனியின் வயிற்றில் அவள் தேடித் தேடிக் கிடைக்காத இறுக்கம், அங்கே இருந்தது. வாட்சைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து நொடி. இளகியது. இரண்டரை நிமிஷத்தில் மறுபடி கல்லானது.

"எப்பத்துல இருந்து?"

"எட்டு மணி இருக்கும்."

"மூணு மணி நேரமா இத வாங்கிக்கிட்டு வாயப் பொத்திட்டு இருந்தியளா? அங்க ஒருத்தி சாகக் கெடக்கா, அண்ணாச்சி! வலி நின்னு போச்சுன்னு நான் சும்மா இருந்துட்டேன். இன்னேரம் அவ ஆஸ்பத்திரில இருக்கணும்."

அவர் முகம் வெளுத்தது. அது வலியால் இல்லை. "சாகக் கெடக்காளா? வலிய நான் வச்சிக்கிட்டா அவளுக்கு நல்லதுன்னுல்லா நெனச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கத்துனா ஊர் கேக்கும். தம்பி பொண்டாட்டி வலிய இவன் சொமந்தாம்பாவ. மொதல்ல அதுக்குத்தான் அடக்குனேன். பெறவு... எங்கப்பனுக்குச் செய்ய வேண்டியத நான் செய்யல நர்சம்மா. இத யாருக்கும் குடுக்காம முழுசா நானே செஞ்சி முடிச்சிருவோம்னு தோணிட்டு."

எஸ்தருக்கு அவரை அறையவும் தோன்றியது, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. மணல்மேட்டுப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"வண்டில ஏறுங்க" என்றாள்.

"அவன் வாறானா?"

"புருசன் வராம?"

"அப்ப நான் ஏற மாட்டேன்." அந்த நிலையிலும் சொன்னார், துண்டை மறுபடி கடித்துக்கொண்டு சொன்னார். அந்த ஊர் ஆம்பிளைகளின் வீம்பை எஸ்தர் அறிவாள். பேசி இறக்க ஒரு வாரம் ஆகும். அவர் போனை எடுத்துத் தன் நம்பருக்குப் போட்டு, அவர் கையில் திணித்தாள். "வைக்கப்பிடாது. வலி வந்தா வருதுன்னு சொல்லுங்க, விட்டா விட்டுட்டுன்னு சொல்லுங்க. பொய் சொன்னியள்னா ஒங்கள நான் விடமாட்டேன்."

தெருவில் ஐம்பத்தெட்டு வீட்டுச் சனமும் நின்றது. ஸ்ட்ரெச்சரில் சந்தனக்கனி போனாள். முப்பத்திரண்டாம் வீட்டின் உடைந்த கதவை எல்லாரும் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்க்காதது லிங்கதுரை ஒருத்தன்தான்.

வண்டியில் இருந்த டெக்னீசியன் தம்பி, "வலி எத்தன நிமிசத்துக்கு ஒருக்கா?" என்று கேட்டான். எஸ்தர் போனைக் காட்டி, "அங்க இருக்கு, இது சொல்லும்" என்றாள். அவன் அடுத்த ஊர்க்காரன். "கேள்விப்பட்டேன். பஸ்ல வாத்தியார் எங்க சித்தப்பா பக்கத்துலதான் நின்னாராம்" என்று சொல்லிவிட்டுப் பிரசவப் பெட்டியைத் திறந்தான். போன் ஸ்பீக்கரில் போட்டு, குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கொக்கியில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"வருது" என்றது போன்.

லிங்கதுரை நிமிர்ந்தான். ஒன்பது வருஷம் கேட்காத குரல். பல்லுக்கிடையில் நசுங்கி வந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. எஸ்தரைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் மறுபடி குனிந்துகொண்டான், சந்தனக்கனியின் கையை விடவில்லை.

தேரியைத் தாண்டும் முன்பே கர்ப்பப்பையின் வாய் முழுதாகத் திறந்துவிட்டது. இனி ஆஸ்பத்திரி வரை தாங்காது. சாலையில் மணல் மூடிக் கிடந்த இடத்தில் போன் அறுந்தது. இரண்டு வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை, அந்த ஐந்து நிமிஷம் எஸ்தர் மூச்சுவிட்டாளா என்று அவளுக்கே நினைவில்லை. மறுபடி மணி அடித்தது. அவராகவே கூப்பிட்டிருந்தார்.

"வருது."

"முக்கு கனி, இப்ப முக்கு!"

"எனக்கு ஒண்ணும் தெரியலயே யக்கா!"

"அவரு சொல்லுதாருல்லா, அதக் கேட்டு முக்கு!"

அப்படித்தான் அந்தப் பிள்ளை வந்தது. பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிழவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "வருது, வருது, இன்னும் வருது" என்று சொல்ல, இங்கே ஒருத்தி வலியென்ற ஒன்று இல்லாமலே கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரல் ஏறும்போது முக்கி, இறங்கும்போது விட்டு, ஏழாவது தடவையில் தலை தெரிந்து, எட்டாவது தடவையில் தோள் வந்து, ஒன்பதாவதில் முழுசாக வழுக்கி எஸ்தரின் கையில் விழுந்தது. பொம்பிளைப் பிள்ளை. துடைத்த உடனே அழுதது. போனின் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

எஸ்தர் பிள்ளையைத் தாயின் நெஞ்சில் போட்டு மூடினாள், தொப்புள்கொடியில் கிளிப் போட்டாள், கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஊசியைத் தொடையில் போட்டாள். நஞ்சுக்கொடி வந்தது. பார்த்தாள், முழுசாக இருந்தது. வயிற்றில் கையை வைத்தாள்.

வயிறு பஞ்சாக இருந்தது.

தேய்த்தாள். பிள்ளையின் வாயை முலையில் வைத்தாள். பிள்ளை சப்பினால் கர்ப்பப்பை சுருங்கும். பிள்ளை நன்றாகச் சப்பியது. வயிறு இறுகவில்லை. ஸ்ட்ரெச்சர் விரிப்பு சிவந்து, அடுத்து விரித்த துணியும் சிவந்து, ஓரத்தில் சொட்டத் தொடங்கியது. டெக்னீசியன் இரண்டாவது பாட்டிலை ஏற்றினான், டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னான். இன்னும் ஆறு கிலோமீட்டர். சந்தனக்கனியின் உதடு வெளிறிக்கொண்டு வந்தது. எஸ்தரின் கை நாலு வருஷத்துக்கு முன்னால் அமுக்கின அதே இடத்தை அமுக்கியது. அவள் ஏசுவையும் கூப்பிட்டாள், கருக்குவிளை இசக்கியம்மனையும் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் யார் வந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

"நர்சம்மா" என்றது போன். "பிள்ள பொறந்தும் எனக்கு விடலயே. வயிறு கல்லா நிக்கி. முன்னயாவது விட்டு விட்டு வந்திச்சி."

எஸ்தர் தன் கைக்குக் கீழே இருந்த பஞ்சைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். இங்கே இறுக வேண்டியது அங்கே இறுகிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அத விட்டுருங்க" என்றாள்.

"கத்துனா அடுத்த வீட்டுக்குல்லா போவும்?"

"அவகிட்ட விடுங்க. அவ பேரச் சொல்லி விடுங்க. ரத்தம் நிக்கல, அண்ணாச்சி. அந்த வலி இங்க வந்தாத்தான் நிக்கும்."

"எனக்கு விடத் தெரியல" என்றார் தவசிமுத்து. சின்னப் பிள்ளை போலச் சொன்னார். "வாயத் தொறக்கேன், வரமாட்டக்கு. புடிச்சே பழகிட்டு."

லிங்கதுரை அப்போது எழுந்து, ஆடுகிற வண்டியில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தான்.

"அண்ணே" என்றான். "அண்ணே, நான் காத்திருந்திருக்கணும். நாலு பேரு சொன்னா என்ன, அப்பாவ ஐஸ்ல வச்சாவது ஒனக்காக் காத்திருந்திருக்கணும். எந் தப்புதான். நீ என்னய அடி, என்னமும் செய்யி. அவளுக்கு அவ வலியக் குடுத்துருண்ணே."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருண்டது. சந்தனக்கனி கண்ணைத் திறந்தாள். பிள்ளையைப் பிடித்திருந்த கையை எடுக்க அவளுக்குப் பலமில்லை, முகத்தை மட்டும் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"அத்தான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து புருசனின் அண்ணனை அப்படிக் கூப்பிட அவளுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. "அது எனக்குள்ளது. எங்கிட்டக் குடுங்க."

அப்போது தவசிமுத்து கத்தினார். கருக்குவிளையில் ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் கேட்டதென்று பிறகு சொன்னார்கள். பனையில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டதாம். வண்டிக்குள் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி வந்தது. "ஏ சந்தனக்கனீ" என்று தொடங்கி, அவள் பெயரில் ஏறி, தம்பி பெயருக்கு இறங்கி, கடைசியில் "யப்பா, யப்பா" என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுடுகாட்டில் அழாமல் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. அது அடங்கும் முன்பே சந்தனக்கனியின் முதுகு ஸ்ட்ரெச்சரிலிருந்து வில்லாக வளைந்தது. அவள் வாயைத் திறந்து வீறிட்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக வீறிட்டாள். பிள்ளை பயந்து அழுதது.

எஸ்தரின் கைக்குக் கீழே வயிறு மெல்லத் திரண்டது, உருண்டது, கல்லாயிற்று. சொட்டுவது குறைந்தது. குறைந்து, நின்றது. அவள் கையை எடுக்காமல், நூறு எண்ணி, மறுபடி பார்த்தாள். நின்றுதான் இருந்தது.

"கத்துட்டி, நல்லாக் கத்து" என்றாள் எஸ்தர். அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை காலியில்லை. டெக்னீசியன் ரத்த அழுத்தம் பார்த்து, ஏறுது நர்சம்மா என்றான். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியது.

போனின் அந்தப் பக்கம் தவசிமுத்து களைத்துப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "என்ன நர்சம்மா அங்க சத்தம்?" என்று கேட்டார். "பாவம், அவளுக்கு வலிக்கா?"

"வலிக்கு அண்ணாச்சி" என்றாள் எஸ்தர், சிரிப்பும் அழுகையுமாக. "நல்லா வலிக்கு."